கணேசலிங்கத்தின் நாக்கு

கணேசலிங்கத்தின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது. அவரைத் தெரிந்த எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளும் விஷயம் அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு உபதபாலகத்துக்குப் பதினெட்டு வருடம் அதிபராக இருந்தவர். முத்திரை கேட்டு வந்தவனிடம், "ஒட்ட மட்டும்தான் தெரியுமோ, உள்ளுக்கு ஏதும் எழுதியும் இருக்கிறியோ" என்று கேட்டவர். அகதியாக மொன்றியலுக்கு வந்து ஒரு ஹோட்டலின் நிலவறையில் கோப்பை கழுவத் தொடங்கிய பிறகும் குணம் மாறவில்லை. பயப்படுகிறவர்களின் தொகைதான் குறைந்தது. அங்கே ஒரு ஊர் பயந்தது. இங்கே பார்க்ளே தெருவில் ஒரு நாலரை வீட்டில் மூன்று பேர் பயந்தார்கள்.

இந்த நகரத்தில் வீட்டை அப்படித்தான் எண்ணுவார்கள். அறைக்கு ஒன்று, குளியலறைக்கு அரை. வந்த அன்று அதைக் கேட்டுவிட்டுக் கணேசலிங்கம் சொன்னார்: "கக்கூசை அரை எண்டு எண்ணுற நாட்டில எங்களை எவ்வளவெண்டு எண்ணப்போறாங்களோ."

வீட்டில் நாலு ஆண்கள். கிருபானந்தன் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவன், நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் இருபத்திரண்டு உறுப்பினர்கள், மூன்று றப்பர் முத்திரைகள். பால் முடிந்துவிட்டது என்பதைக்கூட ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவன் போலத்தான் சொல்வான். ரதீசன் பீட்சாக் கடையில் மாப் பிசைபவன். எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் தலை ஆடும். மூன்றாவது விமலநாதன், இருபத்தெட்டு வயது. ஷபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்கு இஸ்திரி போடுபவன். அதிகம் கதைக்கமாட்டான், நன்றாகச் சமைப்பான். அவனுடைய கணவாய்க் கறிக்குக் கணேசலிங்கம் ஒருமுறை கொடுத்த நற்சான்றிதழ் இது: "இண்டைக்குக் குறை சொல்ல ஒண்டும் கிடைக்கேல்லை."

சமையல் முறை வைத்து நடந்தது. இந்த நாளில் இன்னார் என்று தபாலதிபரின் வடிவான கையெழுத்தில் ஒரு தாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும். அதில் விலக்கு இல்லை. "காய்ச்சல் உனக்கு, வயிறு எங்களுக்கு" என்பதுதான் சட்டம். விமலநாதனுக்கு வியாழன்.

தொண்ணூற்று மூன்றில், இலை கொட்டுகிற காலத்தில், மற்றவர்கள் சமைத்த சோற்றை விமலநாதன் தண்ணீரில் கழுவிச் சாப்பிடத் தொடங்கினான். கணேசலிங்கம் அதைத் தன் சமையலுக்கு வந்த விமர்சனம் என்று எடுத்துக்கொண்டார். "என்ரை கறியைக் கழுவுறியோ? முதல்ல உன்ரை முகத்தைக் கழுவு." பிறகு அவன் தொலைபேசியின் வாயை ஒட்டுநாடாவால் மூடினான். பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினான். பத்து மணிக்கும் போர்வைக்குள் கிடந்தான். இரவு முழுக்க அவன் தூங்குவதில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருவரும் மெனக்கெடவில்லை. வியாழன் வந்தது, அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"பஞ்சி," என்றார் கணேசலிங்கம்; சோம்பலுக்கு ஊரில் சொல்லும் சொல். "உனக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது. சும்மா கிடக்கிறவனுக்கும் இந்த நாட்டில சோறு போடுவாங்கள் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம்."

ரதீசன் சிரித்தான். கிருபானந்தனும் சிரித்தான். சிரிப்பு வந்த வசனத்தைக் கணேசலிங்கம் கைவிடுகிறவரில்லை. நாலு மாதம், போர்வைக்குப் பக்கத்தால் போகும்போதெல்லாம் சொன்னார். கடிதத்தைக் கையில் எடுத்த உடனே நிறை சொல்லக்கூடிய மனிதர். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனைத் தவறாக நிறுத்தார்.

பெப்ரவரியில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி, பூச்சியத்துக்குக் கீழே இருபத்துமூன்று பாகை. வேலை முடிந்து வந்த கணேசலிங்கம் வான் ஹோர்ன் பஸ் தரிப்பில் விமலநாதனைக் கண்டார். மேலங்கி இல்லை. காலில் குளியலறைச் செருப்பு.

"என்ன, தேர் பாக்க நிக்கிறியோ?"

விமலநாதன் திரும்பவில்லை. "மூண்டு பஸ் போயிட்டுது அண்ணை. மூண்டிலயும் அவன் இருக்கிறான். கடைசிச் சீற்றில."

"ஆர்?"

"ஆரெண்டு தெரியாது. அவனுக்கு என்னைத் தெரியும்."

அதற்கு ஒரு பதில் கணேசலிங்கத்தின் நாக்கில் தயாராக இருந்தது. அப்போது அவன் முகத்தைப் பார்த்தார். இராணுவம் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி வரிசையாக விடும்போது, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகமூடி போட்ட தலையாட்டி தன்னிடம் வருமுன் ஒரு மனிதனுக்கு இருக்கும் முகம். அந்த முகம் அவருக்குத் தெரியும்; தானும் ஒருநாள் அதை வைத்திருந்தவர். இந்தத் தெருவில் இராணுவமும் இல்லை, தலையாட்டியும் இல்லை. பயம் மட்டும் குறையில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. பஞ்சி பிடித்தவனுக்கு இப்படி முகம் இருக்காது.

அப்படி ஒருத்தனும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவன் தன்னையும் அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடுவான் என்று பட்டது. இருக்கிறான் என்று சொன்னால் அது பொய்.

"எனக்கு அவனைத் தெரியேல்லை," என்றார். "நான் உனக்குப் பொய் சொல்லேல்லை. எனக்குத் தெரியேல்லை, அவ்வளவுதான். உனக்குப் பயமா இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் என்ன செய்யிறது? முன்னுக்குப் போகவோ, பின்னுக்கு வரவோ?"

விமலநாதன் யோசித்தான். "பக்கத்தில வாங்கோ. தொடாதேங்கோ."

"ஆஸ்பத்திரி நாலு தெருதான். கால் விறைச்சுப்போச்சு, அதைக் காட்டலாம். மற்றதையும் கதைக்கலாம். வேண்டாமெண்டால் வீட்டை போவம்."

"கால் நோகுது."

"அப்ப ஆஸ்பத்திரி."

தன் சப்பாத்தையும் மேலங்கியையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடைய செருப்பில் கணேசலிங்கம் நடந்தார். உறைபனியையும், அதை வழிக்காத மாநகரசபையையும், இந்த நாட்டைக் கண்டுபிடித்தவனையும் வழி முழுக்கத் திட்டினார். விமலநாதன் அதைக் கேட்டபடி, தொடாமல், பக்கத்தில் வந்தான்.

அவனை ஆறு வாரம் உள்ளே வைத்துக்கொண்டார்கள். நோயின் பெயரை வைத்தியர் சொன்னபோது கணேசலிங்கம் எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து வாசித்தார். கிருபானந்தன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அண்ணை, வெளியில அல்சர் எண்டு சொல்லுவம்."

"ஏன்?"

"எங்கடை சனத்தைத் தெரியும்தானே."

"தெரியும். குடல் புண்ணானால் கௌரவம், மண்டைக்குச் சுகமில்லையெண்டால் வெக்கம். மண்டையைப் பாவிக்காத சனம் அப்படித்தான் சொல்லும்."

ஏப்ரலில் விமலநாதன் திரும்பி வந்தான். பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்தவன் போய்விட்டான். மருந்தால் கை நடுங்கியது, வாய் காய்ந்தது, உடம்பு ஊதியிருந்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் எடுத்தது. ஆனால் வந்தது. காத்திருக்கிறவனுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி. அதைத் தவறவிட்டால் பெப்ரவரி திரும்பி வரும் என்று வைத்தியர் அவனிடமே சொல்லியிருந்தார்.

வீடு அன்பானது. அதைத் தாங்கத்தான் முடியவில்லை. கிருபானந்தன் தன்னைவிட நாலு வயது குறைந்த ஒரு ஆம்பிளையை "ராசா" என்று கூப்பிடத் தொடங்கினான். "ராசா, குளிசை போட்டியோ? ராசா, சாப்பிட்டியோ?" செவிடனுடன் கதைப்பதுபோல் உரத்து, குழந்தையுடன் கதைப்பதுபோல் இழுத்து. அதே மூச்சில், அவன் பக்கத்தில் இருக்கும்போதே, ரதீசனிடம் திரும்பி, "உவர் நேற்று நித்திரை கொண்டவரோ?" அடுப்படிக் கத்திகள் கிருபானந்தனின் கட்டிலுக்குக் கீழே குடிபோயின. வெங்காயம் வெட்ட வேண்டுமென்றால் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விமலநாதன் வாழ்நாளில் எவரையும் காயப்படுத்தாதவன். அந்த வீட்டில் காயப்படுத்துகிறவர் ஒருவர்தான். அவருடைய ஆயுதத்தை ஒளிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பார்க்க வந்தவர்கள் வேறு. அல்சருக்கென்று வந்தார்கள், அல்சர் இல்லை என்று தெரிந்துதான் வந்தார்கள். ஒருவர் நூல் கட்டினார். இன்னொருவர் குளிசை மூளையைக் காயவைக்கும், நிற்பாட்டச் சொல்லுங்கோ என்று கிருபானந்தனிடம் சொல்லிவிட்டு, தன்னுடைய பிரஷர் குளிசைக்குத் தண்ணீர் கேட்டார். ஒரு அம்மா கலியாணம் பேசச் சொன்னார். "எங்கையோ இருக்கிற ஒரு பெட்டையை மருந்தெண்டு நினைச்சியளோ அம்மா?" என்று கணேசலிங்கம் கேட்டார். அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

குளிர்சாதனப் பெட்டித் தாளில் விமலநாதனின் பெயர் வெள்ளை மையால் அழிக்கப்பட்டிருந்தது.

"நான் எழுதினதை ஆர் அழிச்சது?"

"பாவம் அண்ணை. அவனைக் கஷ்டப்படுத்தக் கூடாது," என்றான் கிருபானந்தன்.

"அவனைக் கேட்டனீரோ?"

"அவனை என்னெண்டு கேக்கிறது?"

"வாயால."

கணேசலிங்கம் விமலநாதனின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். "வியாழக்கிழமை உன்ரை முறை. ஏலுமோ, ஏலாதோ? நீ சொல்லு." பிறகு காத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காத்திருப்பது பல் பிடுங்குவது மாதிரி.

"முழுக்க ஏலாது," என்றான் விமலநாதன் கடைசியில். "சோறும் பருப்பும் ஏலும்."

"அப்ப சோறும் பருப்பும்."

உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. கிருபானந்தனும் ரதீசனும் முகத்தைச் சுளித்து விழுங்கி, "நல்லாயிருக்கு ராசா," என்றார்கள். கணேசலிங்கம் கோப்பையைத் தள்ளினார். "ஆனையிறவு உப்பளம். உவையள் நல்லாயிருக்கு எண்டு சொல்லுகினம், நம்பாதை. உவையள் உனக்குப் பயம்." விமலநாதனின் தோள் லேசாகக் குலுங்கியது. இரண்டு மாதத்தில் அவன் சிரித்தது அன்றுதான்.

ஹோட்டலில் பக்கத்துத் தொட்டியில் கழுவும் வின்சன்ட் ஹெயிட்டிக்காரர். கணேசலிங்கம் தன்னிடமிருந்த நாற்பது பிரெஞ்சுச் சொற்களை வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். வின்சன்ட் தன் தம்பிக்கும் இருபது வருடமாக அதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் டொமினோ விளையாடுவார்களாம். "விட்டுக் கொடுப்பீரோ?" என்று கேட்டதற்கு வின்சன்ட் கையிலிருந்த தட்டத்தை வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுபோல.

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் வீட்டில் கூட்டம் கூடியது. புறநகரான பியர்பொன்ட்ஸிலிருந்து தியாகலிங்கம் மாஸ்டர் வந்தார். சங்கத் தலைவர், முதல் வந்து இறங்கியவர்களில் ஒருவர், சொந்த வீட்டுக்காரர். உபதேசம் செய்வதற்குக் காரில் முக்கால் மணி நேரம் வருவார். வந்த பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலால் காரைப் பார்ப்பார். கிருபானந்தன் கொப்பியைத் திறந்து திகதி போட்டான். வீட்டு விஷயத்தையும் அவன் கூட்டக் குறிப்பில் எழுதுகிறவன்.

விமலநாதனை மூலையிலிருக்கும் டெப்பனர் கடைக்குப் பால் வாங்க அனுப்பினார்கள். வீட்டில் பால் இருந்தது.

கிருபானந்தனின் மனைவியும் பிள்ளையும் ஜூலையில் வருகிறார்கள். இந்த நகரத்தில் வாடகைப் பத்திரங்கள் ஜூலை முதலாம் திகதி மாறும். அன்றைக்கு ஊரே சாமானுடன் தெருவில் நிற்கும். கணேசலிங்கமும் ரதீசனும் வேறிடம் பார்க்க வேண்டும் என்பது முன்பே பேசியதுதான். மிச்சம் விமலநாதன்.

"சனிக்கிழமை ரொறொன்ரோ பஸ்ஸில ஏத்தி விடுவம்," என்றான் கிருபானந்தன். "ரிக்கற் எடுத்தாச்சு."

"அங்க ஆர்?" என்று கேட்டார் கணேசலிங்கம்.

"அவன்ரை பெரியம்மாவின்ரை மருமகன் ஸ்காபரோவில இருக்கிறார்."

"அவரைக் கேட்டனீரோ?"

தியாகலிங்கம் மாஸ்டர் சிரித்தார். நிர்வாக இரகசியம் ஒன்றைச் சொல்லித்தருபவரின் சிரிப்பு. "கேட்டால் வேண்டாமெண்டுவார். வாசல்ல போய் இறங்கினாப் பிறகு என்ன செய்யிறது?"

"மாஸ்டர், உது பாசல் இல்லை. பாசலையே விலாசக்காரன் கையெழுத்து வைக்காட்டித் திருப்பி அனுப்புவம். அவன்ரை வைத்தியர் இஞ்ச. ஊசி இஞ்ச. அவன்ரை மருத்துவ அட்டை கியூபெக் அட்டை. அங்க போய் இறங்கினவுடனை ஆர் ஊசி போடுறது, நீங்களோ?"

"எங்களுக்கு மட்டும் விருப்பமே?" என்றார் மாஸ்டர். "நாங்கள் அவர்ரை நன்மைக்குத்தான் கதைக்கிறம். ரொறொன்ரோவில எங்கடை சனம் கூட. கோயில் கூட. மனசுக்கு ஆறுதல்."

"உங்கடை காலில முள்ளுக் குத்தினால் கோயிலுக்கோ போறனீங்கள்?"

"கணேசலிங்கம், நீர் எல்லாத்துக்கும் எதிர்."

"நாலு பேரில மூண்டு பேர் ஆதரவு," என்று கிருபானந்தன் எழுதினான். ரதீசனின் தலை ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அந்த வீட்டில் குடியிருப்பவரில்லை. அவருடைய வாக்கையும் சேர்த்துத்தான் மூன்று. விமலநாதனுடைய வாக்கை எண்ண வேண்டும் என்ற யோசனை கொப்பியின் எந்த ஓரத்திலும் இல்லை.

கதவு திறந்தது. விமலநாதன் பாலுடன் நின்றான். அறை உடனே புன்னகைத்தது.

"வாங்கினியோ ராசா? வெயில்தானே. போய்ப் படு," என்றான் கிருபானந்தன்.

"படுக்காதை," என்றார் கணேசலிங்கம். "இதில இரு. உன்னைப் பற்றித்தான் கதைக்கிறம். உன்னைச் சனிக்கிழமை ரொறொன்ரோவுக்கு அனுப்பப் போகினமாம். உனக்குப் போக விருப்பமோ?"

"அண்ணை," என்றான் கிருபானந்தன் கெஞ்சலாக. "அவனைக் குழப்பாதேங்கோ."

விமலநாதன் கதிரையில் இருந்தான். பாலை மடியில் வைத்துக்கொண்டான். நேரம் போனது. மாஸ்டர் இருமினார். "அவர் என்ன நினைக்கிறாரெண்டால் —"

"மாஸ்டர், உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

மேலும் நேரம் போனது. பாலிலிருந்து ஈரம் அவன் காற்சட்டையில் ஊறியது.

"நான் போகேல்லை," என்றான் விமலநாதன். நிறுத்தினான். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிருபானந்தன் பேனையை எடுத்தான். முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை ஊசி. அந்த நேர்ஸ் ஊசி போட முதல் எந்தப் பக்கம் எண்டு என்னட்டைக் கேக்கிறவ. இந்த வீட்டில ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை." மடியில் பால் பை சரசரத்தது. "நீங்கள் கதவைச் சாத்திப்போட்டு என்னைப் பற்றிக் கதைக்கிறியள். எனக்கு வருத்தம் கூடினால் ஆக்கள் என்னைப் பற்றிக் குசுகுசுக்கிறமாதிரிக் கேக்கும். அதைப் பொய்யெண்டு நம்பச் சொல்லி ஆஸ்பத்திரியில பழக்கினவை. இஞ்ச வந்தால் நீங்கள் உண்மையாவே குசுகுசுக்கிறியள். நான் எதைப் பொய்யெண்டு நம்புறது?"

ரதீசனின் தலை ஆடுவது நின்றது.

கணேசலிங்கம் மூவரையும் ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். அவருடைய சந்தோஷம் அரை நிமிடம்தான்.

"நீங்களும்தான் அண்ணை," என்றான் விமலநாதன்.

"என்ன நானும்?"

"பஞ்சி எண்டு சொன்னனீங்கள். நாலு மாசம்."

"சொன்னனான்."

"எனக்குக் கேட்ட குரல் அதையும் சொல்லும். மற்றதெல்லாம் ஆரின்ரை குரலெண்டு தெரியாது. அது உங்கடை குரல்."

கணேசலிங்கத்தின் வாய் திறந்தது. பதினெட்டு வருடம் ஒரு ஊரையே பதில் சொல்லி அனுப்பிய வாய். ஒன்றும் வரவில்லை. கீழே தெருவில் யாரோ காரின் கதவைச் சாத்தினார்கள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார், தன்னுடையதல்ல என்று உறுதிசெய்துகொண்டார்.

"அது பிழை," என்றார் கணேசலிங்கம்.

"என்ன அண்ணை?" என்றான் கிருபானந்தன்.

"நான் சொன்னது பிழை எண்டு சொன்னனான். எழுதும். திகதி போட்டு எழுதும். அவன் சொன்னதையும் எழுதும்."

கிருபானந்தன் எழுதினான்; எழுதாமல் அவனால் இருக்க முடியாது. எழுதியதை வாசிக்கச் சொன்னார் கணேசலிங்கம். "நோயாளி செல்ல மறுத்துவிட்டார்," என்று வாசித்தான்.

"எனக்குப் பேர் இருக்கு," என்றான் விமலநாதன்.

கிருபானந்தன் வெள்ளை மைக் குப்பியைத் தேடி எடுத்து, அழித்து, காயும்வரை ஊதி, பெயரை எழுதினான். பிறகுதான் அவனுக்குத் தன் கடைசி ஆயுதம் ஞாபகம் வந்தது. "பத்திரம் என்ரை பேரில. ஜூலை ஒண்டுக்கு எல்லாரும் எழும்பத்தான் வேணும். அவனை ஆர் வைச்சிருக்கிறது?"

"வைச்சிருக்கிறதுக்கு அவன் என்ன பூனையோ?" கணேசலிங்கத்துக்கு நாக்கு திரும்பிவந்திருந்தது, ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக. விமலநாதனிடம் திரும்பினார். "நான் பார்க் எக்ஸ்ரென்ஷனில ஒரு இரண்டரை பாத்திருக்கிறன். ஒரு ஆளுக்கு அது பெரிசு, ரெண்டு பேருக்குச் சின்னன். உனக்கு விருப்பமெண்டால் பாதி வாடகை. என்ரை வாய் எப்பிடியெண்டு உனக்குத் தெரியும். யோசிச்சுச் சொல்லு."

விமலநாதன் ஓம் என்று பதில் சொன்னது புதன்கிழமை. மூன்று நாள் கணேசலிங்கம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை ரொறொன்ரோ பஸ் அந்த ஆசனம் காலியாகப் போனது. சங்கம் தன் ஒரு பயணியை இழந்தது.

விமலநாதனுக்காக அந்த இரண்டரைக்குப் போனார் என்று யாரும் சொன்னால் கணேசலிங்கத்துக்குக் கெட்ட கோபம் வரும். வாடகையில் பாதி மிச்சம் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். ஆனால் அடுத்த ஊசிச் செவ்வாய் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார். விமலநாதனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வாசலில் வைத்து அந்த நேர்ஸிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: இது என் வாயால் வந்த நோயா? அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: இல்லை, உங்களுடைய வாய்க்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் அது உதவியும் செய்யவில்லை. கணேசலிங்கத்தை யாரும் அப்படி அளந்து திட்டியதில்லை. வழி முழுக்க அதை யோசித்துக்கொண்டு வந்தார்.

இரண்டரை வீட்டில் எல்லாம் சுமுகமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். விமலநாதன் பதினொரு மணிவரை தூங்கினான், மருந்து அப்படி. குளியலறையில் ஈரத்தை அப்படியே விட்டான், அதற்கு மருந்து காரணமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கணேசலிங்கம் இரண்டுக்கும் கத்தினார். பிறகு தெரிந்துகொண்டு ஈரத்துக்கு மட்டும் கத்தினார். விமலநாதன் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த உரிமை அவனுக்கு இருந்தது.

ஆகஸ்டில், தலை தெளிவாக இருந்த ஒரு காலையில், விமலநாதன் ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தான். "அண்ணை, திருப்பியும் வருத்தம் கூடினால் என்ன செய்யிறதெண்டு நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ. அப்ப எனக்குச் சொல்ல வராது."

கணேசலிங்கம் கண்ணாடியைப் போட்டார். தன் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் எழுதியது அன்றுதான். நான் கதிரையைச் சுவரோடை தள்ளி, வாசலைப் பாத்தபடி இருக்கத் தொடங்கினால் என்னட்டைக் கேளுங்கோ. கத்தாமல் கேளுங்கோ. நேர்ஸுக்கு ரெலிபோன் அடிக்கலாம், ஆனால் அடிக்க முதல் எனக்குச் சொல்லுங்கோ. வேற ஆருக்கும் அடிக்காதேங்கோ, முக்கியமா சங்கத்துக்கு. அடிச்சாப் பிறகு பக்கத்தில இருங்கோ. கதைக்காதேங்கோ.

"ஒண்டுமோ?"

"ஒண்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்லுமட்டும்."

"இது சரியான அநியாயம்," என்றார் கணேசலிங்கம், எழுதினார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு அவர் வேலையிலிருந்து வந்தபோது கதிரை சுவரோடு கிடந்தது. விமலநாதன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியின் பிரெஞ்சு அலைவரிசையில் ஒருத்தி சமையல் செய்துகொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல். நாக்கு தன் பாட்டில் எழும்பியது. கணேசலிங்கம் அதைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்து தாளை எடுத்தார். மனப்பாடம்தான். இருந்தாலும் வாசித்தார்.

"விமலன், கதிரை சுவரோடை கிடக்கு. கேக்கச் சொன்னனீ. கேக்கிறன்."

நேரம் எடுத்தது. "நித்திரை இல்லை அண்ணை. மூண்டு நாள்."

"நேர்ஸுக்கு அடிக்கப் போறன். அடிக்கட்டோ?"

அதற்கு இன்னும் நேரம் எடுத்தது. பனி பெய்யத் தொடங்கியிருந்தது. இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி, உருப்படாத மெல்லிசுப் பனி.

"அடியுங்கோ."

நேர்ஸ் விமலநாதனுடன் கதைக்கக் கேட்டாள். கதைத்தான், இரண்டு வசனம். நாலு மணிக்கு வரச் சொன்னாள். கணேசலிங்கம் இன்னொரு கதிரையை இழுத்து, தொடாத தூரத்தில், தானும் வாசலைப் பார்த்து இருந்தார்.

சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. மேல்மாடிக்காரன் நாற்காலியை இழுத்தான். அவனைப் பற்றி நாலு வசனம் ஆயத்தமாக இருந்தது. குழாய் சொட்டியது, வீட்டுக்காரனைப் பற்றி ஆறு. தியாகலிங்கம் மாஸ்டர் மனநலம் பற்றிச் சங்கத்தில் உரையாற்றப் போகிறார் என்று அன்று காலைதான் துண்டுப்பிரசுரம் வந்திருந்தது. அதற்கு ஒரு வருடத்துக்குப் போதுமானது இருந்தது. கணேசலிங்கம் எல்லாவற்றையும் விழுங்கினார். தொண்டை நோகிற அளவுக்கு விழுங்கினார். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. சுவர்ப் பக்கத்தில் மூச்சு கொஞ்சம் இறங்கி வந்தது, அல்லது அவருக்கு அப்படிப் பட்டது.

மூன்று முப்பத்தைந்துக்கு விமலநாதன் எழுந்து சப்பாத்தைப் போட்டான். மேலங்கியை எடுத்தான்.

"இனிக் கதைக்கலாம்," என்றான்.

மாஸ்டரில் தொடங்கினார் கணேசலிங்கம்.